நாற்பத்திரண்டும் ஒரே கடிதம்

— கையெழுத்துப் போடச் சொல்றது நீங்களா, இல்ல ஒங்க வாயில சோலையப்பன் சாரா? அத மொதல்ல சொல்லுங்க பிரகதீஸ்வரி.

— ரெண்டு பேரும்தான் உண்ணாமலை டீச்சர். ஒங்க ஹெச்.எம். கேக்குறாரு, நம்ம எழுத்து வட்டமும் கேக்குது. மொத்தமே ரெண்டு வரி. படிச்சுட்டுப் போடுங்க, நான் கெளம்புறேன்.

— படிச்சாச்சு. நல்லாருக்கு. 'ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு மாணவியர் நாற்பத்திரண்டு பேர் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பிய கடிதங்களின் வாசகம் முழுவதும் என்னால் கரும்பலகையில் எழுதிப் போடப்பட்டது. நகர ஆசிரியர்கள் எழுத்து வட்டம் அளித்த பயிற்சிக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.' ஒரு தப்பு இல்ல. யாரு டைப் அடிச்சது?

— நான்தான்.

— அதான பார்த்தேன். சோலையப்பன் சாருக்கு இம்புட்டுத் தமிழ் வராது. ரெண்டு வருசமா மாசம் ஒரு சனிக்கிழமை பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கோம். டீச்சருக்கு டீச்சர்தான் தொணைன்னு மொத நாள் பேசுனீங்க. நானும் கை தட்டுனேன். இந்தத் தொணைதானா அது?

— தொணையா இருந்தோம் டீச்சர். நீங்கதான் ஏத்துக்கல. ஒம்பது பள்ளிக்கூடம், இருபத்தேழு டீச்சர். எல்லாருக்கும் சொன்னது சிம்பிளான ஒரே பாயிண்ட். கட்டுரையோ கடிதமோ, போர்டுல எழுதிப் போட்டு காப்பி அடிக்க விடாதீங்க, பிள்ளைங்க சொந்தமா யோசிச்சு எழுதட்டும். இருபத்தாறு பேருக்கு வெளங்கிருச்சு.

— எனக்கு மட்டும் வெளங்கல.

— நான் சொல்லல, நீங்க அனுப்புன லெட்டரு சொல்லுது. கலெக்டர் ஆபீஸ்ல கவரப் பிரிச்சு ஒண்ணப் படிச்சிருக்காங்க. சரி. ரெண்டாவதும் அதே. மூணாவதும் அதே. ஒரு வார்த்தை மாறல. நாப்பத்திரண்டு தடவை 'மாணவியர் கழிப்பறை கதவின்றி இருப்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறோம்.' பரீட்சைல எழுதுற மாதிரி ஒவ்வொரு பேப்பர்லயும் அடியில கட்டம் போட்டு உறைமேல் முகவரி. நெசமான கவருக்குள்ள போற லெட்டருக்கு எதுக்கு டீச்சர் கட்டத்துல ஒரு கவரு? ஒரு பிள்ள அதுல ஸ்டாம்பு வேற வரைஞ்சு வச்சிருக்கு.

— அது ஹரிணி. நல்லா வரையும்.

— சிரிக்காதீங்க. பேரு எழுதுற எடத்துல என்ன இருந்துச்சு? அ, அ, அ. பரீட்சைப் பேப்பர்ல யாரு எழுதுனதுன்னு தெரியக் கூடாதுன்னு அப்படிப் போடச் சொல்லுவோம். கலெக்டருக்குப் போற நெச லெட்டர்ல 'இப்படிக்கு, அ அ அ'. அந்த ஆபீஸ்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். என் ஃப்ரெண்டு ஒருத்தி அங்க இருக்கா. ஒங்க வட்டத்துல இதத்தான் சொல்லிக் கொடுக்கிறீங்களான்னு கேட்டா. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு.

— சிரிச்சவக அப்புறம் என்ன செஞ்சாக? அதையும் சொல்லுங்க.

— என்ன செஞ்சாங்க?

— ஆளு அனுப்பிப் பார்த்தாக. ஒரே வாரத்துல மூணு கதவு வந்துச்சு, தாழ்ப்பாளோட. கழுவுறதுக்கு ஒரு அம்மாவப் போட்டுருக்காக, தெனம் காலையில ஏழரைக்கு வாராக. மூணு வருசமா நான் ஹெச்.எம்.முக்கு எழுதிக் கொடுத்த லெட்டரு எல்லாம் அந்த ஃபைல்ல செல்லரிச்சுப் போச்சு. இது வேலை செஞ்சிருச்சு. எழுத்துன்னா அதுக்குத்தான பிரகதீஸ்வரி?

— வேலை செஞ்சிருச்சு, ஆனா யாரு தலையில விடிஞ்சிருக்கு? மெமோ வந்திருக்குல்ல? 'மாணவியரைத் தூண்டிவிட்டுப் பள்ளியின் பெயருக்குக் களங்கம் விளைவித்தது ஏன் என விளக்கம் கேட்டு.' அந்த 'தூண்டிவிட்டு'ங்கிற வார்த்தை எங்க இருந்து வந்துச்சு? எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால வந்துச்சு. நாப்பத்திரண்டு பிள்ளையும் நாப்பத்திரண்டு விதமா எழுதியிருந்தா எவனாச்சும் தூண்டிவிட்டதுன்னு சொல்ல முடியுமா? பிள்ளைங்க மனசுல இருக்கிறத எழுதியிருக்குன்னு போயிருக்கும். நீங்களும் தப்பிச்சிருப்பீங்க, வட்டமும் தப்பிச்சிருக்கும்.

— நானும் தப்பிச்சிருப்பேன். ஆமா.

— அது போதாதுன்னு அந்தப் பெரிய கவர்ல அனுப்புநர்னு போட்டு ஒங்க பேரு, ஒங்க வீட்டு அட்ரஸ். யாராச்சும் செய்வாங்களா? ஆளத் தேடி அலைய வேண்டாம், இந்தா நான் இருக்கேன்னு. மே மாசம் ரிட்டயர்மென்ட்ட வச்சுக்கிட்டு.

— அனுப்புநர் இல்லாம லெட்டரு அனுப்புனா முழு மதிப்பெண் கெடைக்காதும்மா. முப்பத்தொரு வருசமாச் சொல்லிக் கொடுக்கிறேன்ல.

— ஒங்களுக்கு எல்லாம் வெளையாட்டா இருக்கு. எனக்கு இல்ல. மூணு பள்ளிக்கூடத்துல இனிமே டீச்சர்கள அனுப்ப மாட்டோம்னு சொல்லிட்டாங்க. எழுத்து வட்டம்னா கலெக்டருக்கு மனு எழுத ஆள் சேக்குற கூட்டமான்னு கேக்குறாங்க. ரெண்டு வருச ஒழைப்பு டீச்சர். என் சனி ஞாயிறு அத்தனையும் அதுலதான் போச்சு. என் மகளுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தப்பக் கூட நான் ஹால்ல உக்காந்து சார்ட்டு ஒட்டிக்கிட்டு இருந்தேன்.

— தெரியும். நான்தான் பசை எடுத்துக் கொடுத்தேன்.

— அப்ப ஒரு நன்றியாச்சும் வேணாமா? போடுங்க கையெழுத்த.

— இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு என்ன வரும்னு தெரியுமா?

— பதினேழு பி.

— வாயி கூசாம சொல்றீங்க. பதினேழு பி குற்றச்சாட்டு வந்தா துறை விசாரணை. விசாரணை முடியுற வரைக்கும் பென்சன் பேப்பர் ஒரு மேசையில இருந்து அடுத்த மேசைக்கு நகராது. வருசமும் ஆகும், மூணு வருசமும் ஆகும். இதுக்கு முன்னாடி ஒரு மெமோ வாங்குனது இல்ல நான். ஒரு நா லேட்டா வந்ததுன்னு செவப்பு மைக் கோடு வாங்குனது இல்ல. கடைசிப் படியில கால வைக்கிறப்ப நீங்க வந்து ஏணிய உருவுறீங்க.

— நான் உருவல. ஏறுன ஏணி வேற, நீங்க காலு வச்சது வேற. எத்தன தடவை சொன்னேன். ஒங்க கிளாஸ்ல வந்து மூணு வாரம் கூட நின்னேன்ல? பிள்ளைங்களக் கூட்டமா உக்கார வச்சு, யாருக்கு எழுதுறோம், எதுக்கு எழுதுறோம், நேத்து என்ன பார்த்தோம்னு பேச வச்சு... ஒவ்வொண்ணாக் காட்டுனேன். கடைசி பீரியடு நான் கெளம்பிப் போன மறு வாரமே சாக்பீஸ எடுத்துக்கிட்டீங்க. பழக்கம் டீச்சர். விட முடியல. அதத்தான் ஒத்துக்கச் சொல்றேன்.

— பழக்கம்தான். நல்லாருக்கு.

— அந்த 'நல்லாருக்கு'வ விடுங்க. எரிச்சலா வருது.

— எனக்கு வராதா எரிச்சல்? நவம்பர் மாசக் கூட்டத்துல ஸ்கிரீன்ல ஒரு போட்டோ காட்டுனீங்களே. போர்டு நெறைய 'பொங்கல் திருநாள்' கட்டுரை. இதுதான் நாம செய்யக் கூடாததுன்னு.

— பேர மறைச்சுத்தான் காட்டுனேன்.

— பேர மறைச்சீங்க, என் கையெழுத்த மறைக்கலையே. இந்த டவுன்ல என் எழுத்து தெரியாத ஆளு யாரு இருக்கா? அங்க உக்காந்திருந்ததுல நாலு பேரு எங்கிட்டப் படிச்ச பிள்ளைக. சிரிச்சாக. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். அன்னிக்கி வீட்டுக்குப் போயி எனக்குச் சோறு எறங்கல பிரகதீஸ்வரி. அடுத்த மாசம் நான் வர மாட்டேன்னு நெனச்சீங்கல்ல? வந்தேன். மொத வரிசையிலதான் உக்காந்தேன்.

— அந்தக் கோவத்துக்குத்தான் மறுபடியும் போர்டுல எழுதுனீங்களா? என்னைப் பழி வாங்கணும்னு?

— ஒங்களப் பழி வாங்க நாப்பத்திரண்டு பிள்ளையப் புடிச்சு எழுத வைப்பேனா? என்னைப் பத்தி அம்புட்டுத்தானா?

— உள்ள வரலாமாங்கம்மா?

— வாங்க முத்துராஜ். ஆபீஸ்ல இன்னும் பூட்டலையா?

— எங்கிட்டும்மா பூட்டுறது. அய்யா சேர விட்டு எந்திரிக்கல. அஞ்சு மணிக்குத் தபாலக் கட்டணும், விளக்கம் வந்துச்சா வந்துச்சான்னு மூணு வாட்டி கேட்டுட்டாரு. நான் அவசரப்படுத்தலம்மா, அய்யாதான் கேக்கச் சொன்னாரு.

— வந்துரும்னு சொல்லுங்க. டீச்சர் கையெழுத்துப் போடப் போறாங்க.

— போடுவேன்னு நான் இன்னும் சொல்லல முத்துராஜ். மணி என்ன?

— நாலே கால். அப்புறம் அய்யா இன்னொண்ணும் சொல்லச் சொன்னாரு. நான் சொல்றதா நெனச்சுக்காதீங்க. நான் வெறும் கிளார்க்கு.

— சொல்லுங்க.

— அம்மா வேணும்னு செய்யலன்னு அய்யாவுக்கும் தெரியுமாம். மொதல்ல இந்தக் கக்கூஸ் பேச்ச எடுத்த பிள்ள யாருன்னு ஒரே ஒரு பேரு, வாய் வார்த்தையாச் சொல்லிட்டாப் போதுமாம். பிள்ளைக தானாத் திட்டம் போட்டு, கவர்ல அம்மா பேரையும் போட்டு, அம்மாகிட்டச் சொல்லாமப் பண்ணிருச்சுன்னு அவரு எழுதிக்கிறாராம். மெமோ அப்படியே அமுங்கிப் போயிருமாம்.

— எதுக்கு அவருக்குப் பேரு?

— அது எனக்குத் தெரியாதும்மா. மூணு நாளா அந்த லெட்டர் ஜெராக்ஸப் பரப்பி வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணாப் படிக்கிறாரு. அரையாண்டுப் பரீட்சைப் பேப்பர் கட்ட வேற எடுத்தாரச் சொன்னாரு. ஒண்ணும் புடிபடல போல. எல்லாம் ஒரே சங்கதியா இருக்கே, இதுல எவள்னு கண்டுபுடிக்கிறதுன்னு எம் மேல எரிஞ்சு விழுகுறாரு. நான் வாரேம்மா. அரை மணியில திரும்ப வருவேன். நானா வரல, அனுப்புவாரு.

— டீச்சர், கேட்டீங்களா? கடவுளாப் பார்த்து வழி விட்டிருக்காரு.

— சோலையப்பனா கடவுளு?

— யாரோ. ஒரு பேரச் சொல்லிருங்க. ஆக்சுவலா இது எல்லாருக்கும் நல்லது. ஒங்களுக்குப் பென்சன், எங்களுக்கு வட்டம். இந்தப் பேப்பரே தேவையில்ல, கிழிச்சுப் போட்டுருவேன்.

— எந்தப் பேரச் சொல்ல?

— எல்லா கிளாஸ்லயும் வாயாடி ஒருத்தி இருப்பாள்ல. கூப்பிட்டு நாலு திட்டு திட்டுவாரு. ரெண்டு நாள் அழும். மூணாவது நாள் மறந்துரும். ஒம்பதாவது படிக்கிற பிள்ளைக்குச் சர்வீஸ் புக்கு இருக்கா, பென்சன் இருக்கா? ஒங்களுக்கு வர்ற நட்டத்த நெனச்சுப் பாருங்க.

— நீங்களா பேசுறீங்க இத?

— நான்தான் பேசுறேன். ஏன்?

— ஐஸ்வர்யா மறந்துருச்சா?

— அத இழுக்காதீங்க.

— இழுத்தா என்ன? ஒங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளதான. எட்டாவதுல. நீங்க சொல்லிக் கொடுத்துத்தான் எழுதுச்சு. குடிச்சுட்டு வர்ற அப்பனோட செருப்புச் சத்தத்த வச்சே இன்னிக்கி எம்புட்டுக் குடிச்சிருக்காருன்னு கண்டுபுடிச்சிருவேன்னு.

— போதும்னு சொல்றேன்ல.

— நல்லா எழுதியிருந்துச்சு. நான் படிச்சு அழுதேன். நீங்க என்ன செஞ்சீங்க? பேரு, வகுப்பு, போட்டோ எல்லாத்தோடயும் பேஸ்புக்குல போட்டீங்க. எங்கள் வட்டத்தின் முத்துன்னு தலைப்பு. எண்ணூறு பேரு கைதட்டுனாக. எண்ணூத்தியோராவது ஆளா டீக்கடையில எவனோ அவ அப்பன்கிட்டப் போன நீட்டுனான்.

— எனக்குத் தெரியுமா அது அப்படிப் போகும்னு? நான் நல்லதுக்குத்தான் போட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு பெருமையா இருக்கட்டும்னு போட்டேன். இன்னிக்கி வரைக்கும் நான் ஒழுங்காத் தூங்கல தெரியுமா ஒங்களுக்கு? யாருகிட்டயும் சொன்னது இல்ல. நீங்க யாரு டீச்சர் அதப் பேச?

— நான் யாரா? அந்தப் பிள்ள இப்ப இலுப்பூர்ல அவ சித்தி வீட்டுல இருந்து படிக்குது. எங்க நாத்தனாரு வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. தை மாசம் பார்த்தேன். இன்னும் எழுதுறியாத்தான்னு கேட்டேன். நோட்டுல பாடம் மட்டும் எழுதுறேன் டீச்சர்னுச்சு. தண்ணி குடிங்க. பாட்டில் மேசையிலதான் இருக்கு.

— வேணாம். ஒங்க தண்ணி எனக்கு வேணாம். இதச் சொல்லி என் வாய அடச்சுட்டா நான் எந்திரிச்சுப் போயிருவேன்னு பார்க்குறீங்க. போக மாட்டேன். நான் ஒரு பிள்ள விசயத்துல தப்புப் பண்ணேன். ஒத்துக்கிறேன். என் மூஞ்சில நானே காறித் துப்பிக்கிட்டேன். நீங்க? முப்பத்தொரு வருசத்துல எத்தன பிள்ள டீச்சர்? வருசத்துக்கு நூறு பேருன்னாலும் மூவாயிரம் பிள்ளைக்கு ஒரு வரி சொந்தமா எழுதத் தெரியாம அனுப்பியிருக்கீங்க. நான் ஒரு வாய அடச்சேன்னா நீங்க மூவாயிரம் வாய அடச்சிருக்கீங்க. அதுக்கு யாரு ஒங்களுக்குப் பதினேழு பி கொடுக்கிறது?

— அது நெசந்தான்.

— என்ன?

— நெசம்னேன். வட்டத்துக்கு வந்த ரெண்டாம் மாசமே அது எனக்கு ஒறச்சிருச்சு. அதனாலதான் நீங்க போட்டோ காட்டிச் சிரிச்சப்புறமும் வந்தேன். பேனா இருக்கா?

— எதுக்கு?

— கையெழுத்துப் போடத்தான். எந்த எடத்துல? இங்கிட்டா?

— அந்தக் கோட்டுக்கு மேல. தேதியும் போடுங்க.

— இந்தாங்க. அடியில பதவி, பள்ளி முத்திரை எல்லாம் ஆபீஸ்ல குத்திக்குவாக.

— இத மூணு மணிக்கே செஞ்சிருந்தா இம்புட்டுப் பேச்சு வந்திருக்காது.

— வரட்டும்னுதான் இருந்தேன். எம் மேல ஒங்களுக்கு எம்புட்டு இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்ல. நல்லாருக்கு. கெளம்புங்க.

— கெளம்புறேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். ஒங்க மேல இருக்கிறது கோவம் மட்டும் இல்ல டீச்சர், ஆத்தாமை. அந்த மூணு வாரம் ஒங்க கிளாஸ்ல நின்னப்ப பிள்ளைங்க கண்ணுல பார்த்தேன். எழுதத் துடிச்சுச்சுங்க. ஒரே ஒரு தடவை, போர்டப் பார்க்காம எழுதுங்கன்னு நீங்க விட்டிருந்தா...

— விட்டேன்.

— பொய் சொல்லாதீங்க. அதான் இப்ப எழுதிக் கொடுத்தாச்சே.

— ஒங்க பாடப்படிதான் விட்டேன். நாலு பீரியடு. போர்டுல ஒரு எழுத்து எழுதல. அந்த பீரோவத் தெறங்க. சாவி அதுலயே தொங்குது.

— எதுக்கு?

— தெறங்க. ரெண்டாம் தட்டு. மேப்புக்கு அடியில பழுப்புக் கவரு. அதுக்கு முன்னாடி அந்தக் கதவச் சாத்திட்டு வாங்க.

— இது என்ன? இதெல்லாம்... ஒன்பது பி. இது பிள்ளைங்க எழுதுனதா? ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி இருக்கு. இது எப்ப எழுதுனது?

— கலெக்டருக்குப் போச்சுல்ல, அதுக்கு முந்துன வாரம். மேல இருந்து நாலாவது பேப்பர எடுங்க. சத்தம் போடாமப் படிங்க. செவுத்துக்கு அங்கிட்டு அவரு ரூமு.

— 'கலெக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் பெயர் சிவரஞ்சனி. நான் காலையில் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டேன். பள்ளியிலும் குடிக்க மாட்டேன். எங்கள் கழிப்பறைக்குக் கதவு இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இரண்டு பேர் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்...' டீச்சர், இந்தப் பிள்ள இம்புட்டு நல்லா...

— மேல படிங்க.

— 'வியாழக்கிழமை ஆனால் தலைமையாசிரியர் ஐயா என்னையும் ராசாத்தியையும் கூப்பிட்டு ஆசிரியர் கழிப்பறையைக் கழுவச் சொல்வார். எங்கள் வகுப்பில் எங்கள் இரண்டு பேரை மட்டும்தான் கூப்பிடுவார். ஏன் என்று எங்களுக்குத் தெரியும். அங்கே கதவு இருக்கிறது. தாழ்ப்பாள் இருக்கிறது. கண்ணாடிகூட இருக்கிறது. ஒரு நாள் கழுவி முடித்த பிறகு நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ராசாத்தி வெளியே காவல் நின்றாள். பள்ளிக்கூடத்தில் நான் பயப்படாமல் போனது அன்றைக்கு மட்டும்தான். பிறகு மறுபடியும் கழுவிவிட்டு வந்தோம்.'

— அம்புட்டுத்தான். அடியில கையெழுத்து, வகுப்பு, வரிசை எண் எல்லாம் போட்டிருக்கு. சொந்தப் பேருல, சொந்த வார்த்தையில எழுதணும்னு நீங்க சொன்னபடி.

— டீச்சர்... இத நம்ம வட்டத்துல படிச்சுக் காட்டணும் டீச்சர். ரெண்டு வருசத்துல இந்த மாதிரி ஒரு எழுத்து நான் பார்த்தது இல்ல.

— பார்த்தீங்களா. ஒங்களுக்கு மொதல்ல தோணுறதே அதுதான்.

— இல்ல, நான் அப்படிச் சொல்லல... இந்த ஆளு... இவரு மேல கேசு போடலாம் டீச்சர். இத அனுப்பியிருந்தா கலெக்டரே நேர்ல வந்திருப்பாரு.

— வந்திருப்பாரு. பார்த்துட்டு, விசாரிச்சுட்டு, கார்ல ஏறிப் போயிருப்பாரு. மறுநாக் காலையில சிவரஞ்சனி இதே கேட்டுலதான நொழையணும்? ஒம்பதாவது முடிஞ்சு பத்தாவது, இன்னும் ஒரு வருசத்துக்கு மேல இருக்கு. அவ அம்மாவப் போயிப் பார்த்தேன். கையப் புடிச்சுக்கிட்டாக. பேரு வெளிய வந்துச்சுன்னா படிப்ப நிப்பாட்டிருவோம் டீச்சர், நாங்க இருக்கிற எடத்துல எங்களால தாங்க முடியாதுன்னாக. நான் எதச் சொல்லி அவுக வாய அடைக்கிறது?

— அதனாலதான் போர்டுல...

— கதவு வேணும். கழுவுறதுக்குச் சம்பளத்துக்கு ஆளு வேணும், அப்பத்தான் பிள்ளைகளக் கூப்பிட மாட்டாரு. அது ரெண்டையும் நான் போர்டுல எழுதிப் போட்டேன். ஒரு வார்த்தை கூட்டிக் கொறச்சு எழுதக் கூடாதுன்னு நின்னு பார்த்தேன். நல்லா எழுதுற பிள்ளைய அந்த எழுத்தே காட்டிக் கொடுத்துரும். அதத்தான் ஐஸ்வர்யாகிட்ட நான் படிச்சுக்கிட்டேன்.

— கூட்டத்துல சொல்லியிருக்கலாம்ல டீச்சர். எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாம்ல.

— ஒங்ககிட்டயா? கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஒரு பேரச் சொல்லிருங்கன்னு நீங்கதான கேட்டீங்க. அழுகாதீங்க. முத்துராஜ் வந்துருவாரு. அந்தக் கவரக் கொடுங்க, நான் வீட்டுக்குக் கொண்டு போகணும். சிவரஞ்சனி டிசி வாங்கிக்கிட்டு இந்தக் கேட்டத் தாண்டுன மறு நா, அவ அம்மா சரின்னா, நானே கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நிப்பேன். அன்னிக்கி எனக்கு ஹெச்.எம்.மும் கெடையாது, மெமோவும் கெடையாது.

— அதுவரைக்கும் ஒங்க பென்சன்?

— நிக்கும். என் வீட்டுக்காரு ரொம்ப வருசமா மளிகைக்கடையில பில்லு போடுற வேலைதான் பார்க்குறாரு. கஞ்சிக்குப் பஞ்சம் வராது. கஷ்டமாத்தான் இருக்கும். நான் பெரிய தியாகின்னு நெனச்சுக்காதீங்க. ராத்திரி எல்லாம் பயந்துக்கிட்டுத்தான் கெடந்தேன். நீங்க பேப்பர நீட்டுனப்பக் கூடப் போடாம இருந்துறலாமான்னுதான் பார்த்தேன்.

— அப்ப இந்தப் பேப்பர் வேணாம். நான் இத எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன். இப்பவே கிழிச்சுப் போடுறேன். வட்டம் போனாப் போகட்டும்.

— அம்மா, மணி அஞ்சாகப் போகுது. நான் வரல, அய்யாதான் அனுப்பிட்டாரு. விளக்கம் ரெடியாங்கம்மா? இல்லன்னா ஒன்பது பி பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒரு டிக்டேசன் வைக்கணும், பேப்பர் எடுத்து வையின்னு சொல்றாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியாது, அந்த ஜெராக்ஸக் கையில வச்சுக்கிட்டுத்தான் சொல்றாரு.

— ரெடிதான் முத்துராஜ். ஒரு நிமிசம் வெளிய நில்லுங்க, டீச்சரே கொண்டாருவாக.

— நான் கொண்டு போக மாட்டேன் உண்ணாமலை டீச்சர். என் கையால மாட்டேன்.

— ஒங்க கையாலதான் கொண்டு போகணும், அப்பத்தான் எல்லாம் என் வேலைன்னு அந்த ஆளு நம்பிப் பிள்ளைகளத் தேடுறத விடுவாரு. போங்க, வட்டத்துல இது ஒண்ணுதான் நான் ஒங்ககிட்ட இது வரைக்கும் கேட்ட ஒத்தாசை.